சுதேச தாவர நாற்றுப்பண்ணைகளில் நோய்த் தடுப்பும் வாழிட மீளமைப்பும்

அழிவுற்ற காடு, ஆற்றங்கரை, சதுப்புநிலம் போன்றவற்றில் அவ்விடத்துக்குரிய தாவரங்களை மீண்டும் வளரச் செய்து, முன்னைய நிலைக்குக் கொண்டுவர முயலுதல் வாழிட மீளமைப்பு எனப்படும். இதற்கான கன்றுகளுட் பல நாற்றுப்பண்ணைகளில் உற்பத்தி செய்யப்படுகின்றன. பண்ணையில் நோய் இருப்பின், கன்றின் வேரோடும் பையிலுள்ள மண்ணோடும் அந்நோய் காட்டைச் சென்றடையும். தோட்டத்தில் நோயுற்ற செடியைப் பிடுங்கி எரித்துவிடலாம். காட்டு மண்ணிற் பரவிய நோயாக்கியை அவ்வாறு அகற்ற முடியாது. ஆகவே நோயைத் தடுக்க வேண்டிய இடம் நாற்றுப்பண்ணையே ஆகும்.

நோய் முக்கோணம்

தாவரமொன்றில் நோய் ஏற்பட மூன்று காரணிகள் ஒன்றுசேர வேண்டும்.

1. நோயாக்கி
2. நோய்க்கு ஆளாகக்கூடிய விருந்துவழங்கித் தாவரம்
3. நோய்க்குச் சாதகமான சூழல்

நாற்றுப்பண்ணையில் இளங்கன்றுகள் நெருக்கமாக வைக்கப்படுகின்றன. அடிக்கடி நீர் ஊற்றப்படுகின்றது. நிழலும் ஈரமும் நிலவுகின்றன. எனவே இரண்டாம், மூன்றாம் காரணிகள் அங்கு எப்போதும் உள்ளன. நோயாக்கி உட்புகுந்தால் முக்கோணம் முழுமை பெற்றுவிடும்.

பைற்றொப்தோரா

நாற்றுமேடையில் இளநாற்றுகளின் தண்டடி அழுகிச் சாயும் அடியழுகல் நோயைப் பற்றிக் கற்றிருப்பீர்கள். அதனை ஏற்படுத்துவனவற்றுள் பித்தியம் ஒன்றாகும். அதன் உறவினமே பைற்றொப்தோரா. இப்பெயர் கிரேக்க மொழியில் ‘தாவர அழிப்பான்’ எனப் பொருள்படும். 1845 இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை அழித்து, பெரும் பஞ்சத்துக்குக் காரணமானதும் இவ்வினத்தைச் சேர்ந்த ஒன்றே.

முன்னர் இது பங்கசாகக் கருதப்பட்டது. எனினும் இதன் கலச்சுவரில் பங்கசுகளில் உள்ளது போலக் கைற்றின் முதன்மையாக இராது, செலுலோசு காணப்படுகின்றது. எனவே இன்று இது உண்மைப் பங்கசுகளிலிருந்து வேறாக வகைப்படுத்தப்படுகின்றது. இதன் இரு இயல்புகள் முக்கியமானவை.

• இதன் இயங்குவித்திகள் இரு சவுக்குமுளைகளின் உதவியால் நீரில் நீந்தி வேரை அடையும். ஆகவே தேங்கிய நீரும் தெறிக்கும் நீரும் நோயைப் பரப்பும்.
• தடித்த சுவருடைய வித்திகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிருடன் இருக்கக் கூடியவை.

நோயுற்ற கன்றின் வேர்கள் கபில நிறமாகி அழுகும். இலைகள் மஞ்சளாகும். மண்ணில் நீர் இருந்தும் கன்று வாடும். ஆனால் தொற்றுக்குள்ளான சில கன்றுகள் வெளித்தோற்றத்தில் நலமாகவே காணப்படும்.

இரு உதாரணங்கள்

மேற்கு அவுஸ்திரேலியா: பைற்றொப்தோரா சின்னமோமி என்னும் இனம் சுமாத்திராவில் நோயுற்ற கறுவா மரங்களிலிருந்து பெறப்பட்டு, 1922 இல் விவரிக்கப்பட்டது. மேற்கு அவுஸ்திரேலியாவின் ஜரா மரக் காடுகள் பட்டுப்போவதற்கு இதுவே காரணம் என்பது 1960களில் நிறுவப்பட்டது. பாதை அமைத்தல், மரம் வெட்டுதல் ஆகிய வேலைகளின்போது வாகனங்களில் ஒட்டிய மண்ணும் ஏற்றிச்செல்லப்பட்ட கிரவலும் நோயைப் பரப்பின.

கலிபோர்ணியா: பைற்றொப்தோரா ரென்ராக்குலேற்றா என்னும் இனம் 1993 இல் ஜேர்மனிய நாற்றுப்பண்ணைத் தாவரங்களிலிருந்து விவரிக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் இது 2012 இல் கலிபோர்ணியாவின் சுதேச தாவர நாற்றுப்பண்ணை ஒன்றில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 2014 இல், மீளமைப்புக்காக நடப்பட்ட கன்றுகளிலும் காணப்பட்டது. காட்டைக் காக்க நடப்பட்ட கன்றே காட்டுக்கு நோயைக் கொண்டு சென்றது. இதன்பின் நாற்றுப்பண்ணையாளர்களும் ஆய்வாளர்களும் நில நிர்வாகிகளும் இணைந்து தூய்மையான கன்று உற்பத்திக்கான வழிகாட்டல்களை வகுத்தனர்.

இரசாயனம் ஏன் போதாது?

பைற்றொப்தோராவுக்கு எதிராக விசிறப்படும் இரசாயனங்கள் பெரும்பாலும் அதன் வளர்ச்சியை அடக்குமேயன்றி, முற்றாகக் கொல்வதில்லை. நோய் அறிகுறிகள் மறைய, கன்று நலமாக உள்ளதெனத் தவறாக எண்ணப்படும். நட்டபின் இரசாயனத்தின் தாக்கம் குறைய, நோய் மீண்டும் தோன்றும்.

நாற்றுப்பண்ணையிற் கைக்கொள்ள வேண்டியவை

1. வளர்ப்பு ஊடகத்தை நீராவியால் 60 பாகை செல்சியசில் 30 நிமிடங்கள் வெப்பமேற்றல். எமது நாட்டில் நாற்றுமேடையில் வைக்கோலும் உமியும் இட்டு எரித்தலும், நிறமற்ற பொலித்தீனால் மூடி வெயிலில் வெப்பமேற்றலும் இதே நோக்கத்துக்கான முறைகளாகும்.
2. பழைய சாடிகளில் ஒட்டிய மண்ணைக் கழுவி அகற்றிய பின்னரே தொற்றுநீக்கல். மண் படிந்திருப்பின் தொற்றுநீக்கி நோயாக்கியைச் சென்றடையாது.
3. கன்றுகளை நிலத்தில் வைக்காது, நீர் வடியக்கூடிய உயரமான தட்டுகளில் வைத்தல். இதனால் நிலத்திலிருந்து சேற்றுநீர் தெறிப்பது தடுக்கப்படும்.
4. தூய நீரை அளவாக ஊற்றல். நீர்க்குழாயின் முனையை நிலத்தில் போடாதிருத்தல்.
5. வித்துகளை நிலத்திலிருந்து பொறுக்காது, இயன்றவரை தாவரத்திலிருந்தே சேகரித்தல்.
6. வெளியிலிருந்து பெறும் கன்றுகளைத் தனியாக வைத்து அவதானித்தல். நோயுற்றவற்றைச் சாடி மண்ணுடன் சேர்த்து அகற்றல்.

நடுகை செய்யும் இடத்தில்

• பாதணி, மண்வெட்டி, வாகனச் சில்லு ஆகியவற்றில் ஒட்டிய மண்ணை, இடத்துக்குள் நுழையுமுன் அகற்றல்.
• மண் சேறாக உள்ளபோது வேலை செய்வதைத் தவிர்த்தல்.
• நோயற்ற பகுதியில் முதலிலும் நோயுள்ள பகுதியில் இறுதியிலும் வேலை செய்தல்.
• பொருத்தமான இடங்களில் கன்றுக்குப் பதிலாக வித்துகளை நேரடியாக இடல்.

மாதிரி வினா

வெளித்தோற்றத்தில் நலமாக உள்ள கன்றுகளை மட்டும் தெரிந்தெடுத்துக் காட்டில் நடுதல் நோய்ப் பரவலைத் தடுக்கப் போதுமானதா? காரணம் தருக.

விடை: போதாது. தொற்றுக்குள்ளான கன்றில் அறிகுறிகள் தோன்றாதிருக்கலாம். இரசாயனங்களும் அறிகுறிகளை மறைக்கக்கூடும். கன்றுடன் செல்லும் மண்ணில் நோயாக்கியின் வித்திகள் பல ஆண்டுகள் நிலைத்திருக்கும். எனவே வளர்ப்பு ஊடகம், சாடி, நீர், உபகரணம் ஆகிய யாவும் தொடக்கத்திலிருந்தே தூய்மையாகப் பேணப்பட வேண்டும்.