“இளைத்துவிட்டாயே, காய்ச்சலா?”

பாகான் நக்கோடா ஓமாரில் ஒரு படிவம் 4 மாணவன் இரண்டு மாதமாகச் செம்பனைத் தோட்டச் சாலையில் தினமும் மெதுவோட்டம் ஓடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு வந்த அத்தை, “என்னய்யா, இப்படி எளைச்சுப் போயிட்ட? காய்ச்சலா?” என்கிறார். பாராட்டை எதிர்பார்த்தவனுக்கு முகம் வாடிவிடும்.

அந்தக் கேள்விக்கு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் சிலாங்கூர்த் தோட்டங்களை மலேரியா வாட்டியது. கிள்ளானில் 1901இல் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியச் செய்துதான் கொசுவை அடக்கத் தொடங்கினார். காசநோயும் ஆட்களை உருக்கியது. மெலிந்தவர் என்றால் நோயாளி என்று பெரியவர்கள் நினைப்பதில் வியப்பென்ன?

பிறர் கவனிப்பது பெரும்பாலும் நம் முகத்தைத்தான். கனடாவின் டொரொண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, சராசரி உயரமுள்ளவர் ஏறக்குறைய 3.5 முதல் 4 கிலோ கூடினாலோ குறைந்தாலோதான் முகத்தில் மாற்றம் தெரிகிறது. எடை குறையாமலேயே உடம்புக்குள் பல மாற்றங்கள் நடக்கும். இதயம் ஒரு துடிப்புக்கு முன்பைவிட அதிக இரத்தத்தைத் தள்ளும். ஓய்வு நேர நாடித்துடிப்பு குறையும். காலையில் எழுந்ததும் ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். கரைந்த கொழுப்பு எங்கே போகிறது? வியர்வையாக என்றுதான் பலரும் சொல்வார்கள். உண்மையில் 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது, மீதி நீராகிறது. அத்தைக்கு இது எப்படித் தெரியும்!

ஆனாலும் அவர் கேள்வியைத் தள்ளிவிடாதீர்கள். ஓடாமலும் உணவைக் குறைக்காமலும் எடை இறங்கி, ஓயாத தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தால் நீரிழிவாக இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோயாகவும் இருக்கலாம். வீட்டில் சொல்லி, உடனே கிளினிக்குக்குப் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.