பைக்குள் வளரும் கேரட் மருந்து

நம் ரத்தத்தில் ஓடும் சிவப்பணுவுக்கு ஆயுள் ஏறக்குறைய 120 நாள். வயதாகிப்போன அணுக்களை விழுங்கிச் செரிப்பதற்கென்றே மண்ணீரலிலும் கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் பெருவிழுங்கி செல்கள் இருக்கின்றன.

சிலருக்குப் பிறவியிலேயே அந்தச் செல்களில் ஒரு நொதி குறைவாக இருக்கும். நொதி என்பது புரதம்தான். அது போதாவிட்டால், விழுங்கிய அணுக்களின் கொழுப்பு ஒன்று செரிக்காமல் உள்ளேயே தேங்கிவிடும். மண்ணீரல் வீங்கும், எலும்பு வலிக்கும். 1882இல் பிலிப் கோஷே என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைப் பற்றி முதலில் எழுதினார். அதனால் இது கோஷே நோய்.

இல்லாத நொதியை ஊசி வழியாகக் கொடுத்துவிடலாமே? கொடுக்கலாம். ஆனால் எங்கிருந்து எடுப்பது? முதலில், குழந்தை பிறந்தபின் வெளிவரும் நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்தார்கள். 1991இல் அமெரிக்காவில் இந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது. ஒரே ஒரு நோயாளிக்கு ஓராண்டு மருந்து தயாரிக்க ஆயிரக்கணக்கான நஞ்சுக்கொடிகள் வேண்டும்! இது எத்தனை நாள் ஓடும்?

அடுத்து, நொதிக்கான மனித மரபணுவை ஹாம்ஸ்டர் என்ற சிறு பிராணியின் செல்களுக்குள் வைத்தார்கள். தொட்டிகளில் வளர்ந்த அந்தச் செல்கள் நொதியைச் சுரந்தன. 2009இல் பாஸ்டன் நகரத் தொழிற்சாலையில் அந்தச் செல்களை ஒரு வைரஸ் தாக்கியது. ஆலையை நிறுத்திச் சுத்தம் செய்யவேண்டி வந்தது. உலகெங்கும் நோயாளிகளுக்கு மருந்துத் தட்டுப்பாடு.

விலங்கைத் தாக்கும் அப்படிப்பட்ட வைரஸ் கேரட்டில் வளராது. இஸ்ரேலின் கர்மியேல் ஊரில் ஒரு குழு கேரட் செல்களை வைத்துத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. ஏன் கேரட்? ஆய்வகத்தில் கேரட் செல்லுக்கு நெடுநாளாகவே நல்ல பெயர் உண்டு. வேரிலிருந்து எடுத்த செல்களைத் திரவத்தில் வளர்த்து, அவற்றிலிருந்து முழுச் செடியையே உண்டாக்க முடியும் என்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஸ்டூவர்ட் 1958இலேயே காட்டிவிட்டார்.

நொதிக்கான மனித மரபணுவைக் கேரட் செல்லுக்குள் கொண்டுபோனது அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா. செடிகளுக்குள் தன் மரபணுவை நுழைப்பது அதன் பிறவிக்குணம். அறிவியலாளர்கள் சரக்கை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். கர்மியேல் ஆலையில் தோட்டம், வெயில், உழவு எதுவும் இல்லை. பல நூறு லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் பைகளில் சர்க்கரையும் தாதுச் சத்தும் கலந்த நீர். அதற்குள் காற்றுக் குமிழிகளோடு மிதக்கும் செல்கள். நம்மூர்ச் சந்தைக் கேரட்டை நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துவிடுவீர்கள்.

எனக்குப் பிடித்த சங்கதி இனிமேல்தான். இந்த நொதியின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும். கடிதத்துக்குப் பின்கோடு மாதிரி அவை. நுனியில் மேனோஸ் என்ற சர்க்கரை இருந்தால்தான் பெருவிழுங்கி அதைப் பிடித்து உள்ளே இழுக்கும். ஹாம்ஸ்டர் செல் செய்த நொதியில் மேனோஸை வேறு சர்க்கரைகள் மூடியிருக்கும். தொழிற்சாலையில் அவற்றைத் தனியாக வெட்டி நீக்கவேண்டும். கேரட் செல்லில் நொதியை 'வாக்குவோல்' என்ற அறைக்கு அனுப்பிவிட்டால், மேனோஸ் வெளியே தெரியும்படியே தயாராகிவிடுகிறது. வெட்டும் வேலை மிச்சம்! 2012 மே மாதம் அமெரிக்கா இந்த மருந்தை அனுமதித்தது. செடியின் செல்லில் செய்த புரத மருந்து ஒன்றை மனிதர்களுக்கு அந்நாடு அனுமதித்தது அதுதான் முதல் முறை.

அப்படியானால் அந்தக் கேரட்டைத் தின்றால் போதுமே என்கிறீர்களா? வயிறு பருப்பின் புரதத்தைச் செரிப்பதுபோல இதையும் செரித்துவிடும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தக்குழாய் வழியாகத்தான் ஏற்றுகிறார்கள்.

வயலிலேயே மருந்துப் பயிர் வளர்க்கவும் முயன்றிருக்கிறார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், பன்றிகளுக்கான தடுப்பூசிப் புரதம் செய்யும் மக்காச்சோளத்தைப் பயிரிட்டிருந்தார்கள். 2002இல் அதே நிலத்தில் சோயா விதைத்தபோது, முன்பு உதிர்ந்து கிடந்த சோளமும் கூடவே முளைத்துவிட்டது. உணவுக்குப் போகவேண்டிய சோயாவை நிறுத்திவைத்தார்கள். அந்தச் சோளத்தைப் பயிரிட்ட நிறுவனத்துக்கு 2,50,000 டாலர் அபராதம். கர்மியேல் பைகளில் பூப்பதற்குப் பூவும் இல்லை, உதிர்வதற்கு விதையும் இல்லை.