பாம்புநாப் பன்னம்

பன்னம் என்றதும் ஈரமான மலைச்சாரலும் சீப்புப்போற் பிளவுண்ட இலைகளுமே பலர் நினைவுக்கு வரும். ஆயின், திறந்த புற்றரையில் விரலளவே உயர்ந்து, புல்லோடு புல்லாய் மறைந்து வாழும் பன்னமும் உண்டு. அதன் பேரினம் ஒபியோகுளொசம் எனப்படும். ‘பாம்பின் நாக்கு’ என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருளாகும்.

இதன் இலை பிளவுபடாத ஒற்றை இலை. ஏனைய பன்னங்களின் இளவிலை சுருண்டு தோன்றுதல் போல இது சுருண்டு தோன்றுவதில்லை. இலையினின்று எழும் மெல்லிய காம்பின் நுனியில் வித்திக்கலன்கள் இரு நிரையாய் அமைந்திருக்கும். நாக்கு எனப்பட்டது இதுவே.

வித்தியினின்று தோன்றும் புணரித்தாவரம் மண்ணுள்ளே பச்சையமின்றி, பங்கசு இழைகள் ஊட்டும் உணவால் வாழ்கின்றது. வளர்ந்த செடியோ மழைக்காலத்தில் சில கிழமைகள் வெளிப்பட்டு, வறட்சி வர மண்ணுள் வேர்த்தண்டாய் ஒடுங்கும்.

உருவிற் சிறிதாயினும் இதன் உயிரணு வியப்புக்குரியது. மனிதனுக்கு நிறமூர்த்தங்கள் 46. இப்பேரினத்தின் ஒபியோகுளொசம் இரெற்றிக்குலேற்றம் என்னும் இனத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டவை உள்ளமையை ஆபிரகாம், நைனான் என்னும் ஆய்வாளர் 1954 இல் வெளியிட்டனர். பின்னைய கணிப்பில் அவ்வெண் 1440 வரை சென்றது. தாவரங்களுள் இதனை விஞ்சிய எண் அறியப்படவில்லை. 120 என்னும் அடிப்படை எண் பன்னிருமடங்காகப் பெருகியதே இதற்குக் காரணம் என்பர்.

இத்தகைய செடிக்கு உழாத பழந்தரையே உகந்தது. மாடு மேய்தலாற் புல் குறுகியிருக்க, ஒளி அதனை அடையும். உழுதாலோ வேர்த்தண்டும் பங்கசு இழைகளும் ஒருங்கே அறுபடும். செயற்கையுரம் இட்டால் உயர்புற்கள் ஓங்கி அதனை மூடிவிடும். இங்கிலாந்திலும் வேல்சிலும் 1930களுக்கும் 1984க்கும் இடையில் பழம் புல்வெளிகளுள் ஏறத்தாழ 97 சதவீதம் இவ்வாறு அழிந்தன. அங்கு இப்பேரினத்து இனமொன்று பழந்தரையின் அடையாளமாகக் கொள்ளப்படுகின்றது.

இலங்கையிலும் இப்பேரினத்து இனங்கள் சில உள. நிலாவெளிக்கு வடக்கே, கடலும் களப்பும் அணைந்த இறக்கக்கண்டி போன்ற ஊர்களின் மேய்ச்சற்றரைகளை இந்நோக்கில் ஆராய்தல் தகும். வடகீழ்ப் பருவமழை தொடங்கிய பின்னரே மாணவர் குனிந்து தேடவேண்டும். கோடையிற் காணாமை கொண்டு இல்லையெனத் துணிதல் கூடாது. தரிசென்று கருதி உழுத பின்னர்த் தேடுதலோ பயனற்றது. பல ஆண்டு மண்ணுள் வளர்ந்த அவ்வுறவை ஒருநாள் உழவு குலைத்துவிடும்.