ஹார்வர்டு ஸ்டேடியம்: மைதானம் ஆட்டத்தை மாற்றிய கதை

சில வருஷங்களுக்கு முன்னாடி ஆபீஸ் வேலையாக பாஸ்டன் போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சார்லஸ் நதிப் பாலத்தைத் தாண்டி நடந்தபோது, ரோமானியப் படத்துக்குப் போட்ட செட் மாதிரி ஒரு கட்டிடம் கண்ணில் பட்டது. வரிசையாக வளைவுகள், மேலே தூண்கள், எல்லாம் சாம்பல் நிறம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் ஸ்டேடியம், 1903-இல் கட்டியது. பழைய கட்டிடம், அவ்வளவுதானே என்று நாலு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். பிறகு படிக்க ஆரம்பித்தபோதுதான், இன்றைக்கு அமெரிக்க ஃபுட்பால் இருக்கிற விதத்துக்கு இந்தக் கான்கிரீட்டும் ஒரு காரணம் என்று தெரிந்தது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது நம்ம கால்பந்து இல்லீங்க. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு, எதிரணியை இடித்துத் தள்ளி முன்னேறுகிற அமெரிக்க ஆட்டம்.

ஸ்டேடியம் இருக்கும் இடத்துக்கு 'சோல்ஜர்ஸ் ஃபீல்டு' என்று பெயர். உள்நாட்டுப் போரில் இறந்த தன் நண்பர்கள் நினைவாக ஹென்றி லீ ஹிக்கின்சன் என்பவர் 1890-இல் கொடுத்த நிலம். முன்பு அங்கே மரத்தாலான இருக்கைகள்தான். மரம் என்றால் தீப்பிடிக்கிற பயம், அடிக்கடி ரிப்பேர் வேறு. 1879-இல் படித்து முடித்த மாணவர்கள், தங்கள் 25-ஆவது ஆண்டு சந்திப்புக்கான பரிசாக ஒரு லட்சம் டாலர் கொடுக்க முன்வந்தார்கள். பொறியியல் பேராசிரியர்கள் ஐரா ஹோலிஸும் லூயிஸ் ஜான்சனும் கம்பி வைத்த கான்கிரீட்டில் கட்டலாம் என்று இறங்கினார்கள்.

அன்றைக்கு அது துணிச்சலான முடிவு. கம்பி கட்டிய கான்கிரீட் அமெரிக்காவில் அப்போதுதான் நம்பிக்கை சம்பாதித்துக்கொண்டிருந்தது. அந்த முறையில் எழுந்த உலகின் முதல் உயர மாடிக் கட்டிடமே சின்சினாட்டியில் அதே 1903-இல்தான் முடிந்தது. பாஸ்டன் குளிரில், ஆயிரக்கணக்கானவர்கள் குதிக்கிற இடத்தில் இது தாங்குமா என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. தாங்கியது. 1903 நவம்பர் 14 அன்று முதல் ஆட்டம். டார்ட்மவுத் அணி வந்து 11-0 என்று ஹார்வர்டை ஜெயித்துவிட்டுப் போனது!

இரண்டே வருஷத்தில் ஆட்டத்துக்கே ஆபத்து வந்தது. அந்தக் கால விதிப்படி மூன்று முயற்சியில் 5 கஜம் முன்னேறினால் போதும். பந்தை முன்பக்கம் எறியக் கூடாது. யோசித்துப் பாருங்க, ஒரு தடவைக்கு இரண்டு கஜம் போதும் என்றால் என்ன செய்வீங்க? எல்லாரும் ஒரே கும்பலாகச் சேர்ந்து முட்டித் தள்ளுவதுதான் லாபம். இந்தக் கும்பல் உத்தியில் பிரபலமான 'பறக்கும் ஆப்பு' வியூகத்தை 1892-இல் களத்துக்குக் கொண்டுவந்ததே ஹார்வர்டுதான். அதைத் தடை செய்த பிறகும் கும்பல் முட்டல் ஓயவில்லை. ஹெல்மெட் கட்டாயமும் இல்லை. 1905 சீசனில் மட்டும் குறைந்தது 18 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பள்ளி, கல்லூரிப் பையன்கள்.

ஹார்வர்டில் படித்த ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அந்த அக்டோபரில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசினார். கொலம்பியா பல்கலைக்கழகம் ஆட்டத்தையே நிறுத்தியது. ஸ்டான்ஃபோர்டும் கலிபோர்னியாவும் ரக்பிக்கு மாறின. ஹார்வர்டின் தலைவர் சார்லஸ் எலியட்டுக்கு முதலிலிருந்தே ஃபுட்பால் பிடிக்காது. விதிகள் மாறாவிட்டால் ஹார்வர்டும் விலகும் என்ற நிலை.

கும்பலைக் கலைக்க வேண்டும், அதற்கு இடம் வேண்டும். மைதானத்தை 40 அடி அகலப்படுத்தலாம் என்று ஒரு யோசனை வந்தது. 160 அடி அகலம் 200 அடி ஆனால் வீரர்கள் பக்கவாட்டில் பரவி ஓடுவார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அது ஹார்வர்டு ஸ்டேடியத்தில் போய் இடித்தது. மர இருக்கை என்றால் பெயர்த்துத் தள்ளிப் போடலாம். இது மூன்று வருஷம்கூட ஆகாத கான்கிரீட். ஹார்வர்டை விட்டுவிட்டு விதி போடுகிற நிலைமையும் இல்லை.

அகலம் கிடைக்காததால் பந்தை முன்பக்கம் எறிய 1906-இல் அனுமதி கொடுத்தார்கள். தரையில் கிடைக்காத இடம் காற்றில் கிடைத்தது. எறிகிற பந்தைத் தடுக்க எதிரணியும் பரவி நின்றாக வேண்டுமே! கூடவே 5 கஜத்தை 10 ஆக்கினார்கள்.

இப்போது ஒரு எச்சரிக்கை. "ஸ்டேடியத்தால்தான் ஃபார்வர்டு பாஸ் பிறந்தது" என்று சிலர் ஒரே வரியில் சொல்வார்கள். அது மிகை. முன்பக்கம் எறிய விட வேண்டும் என்று ஜான் ஹெய்ஸ்மன் போன்ற பயிற்சியாளர்கள் அதற்கு முன்பே கேட்டுக்கொண்டிருந்தார்கள். கான்கிரீட் செய்தது, எதிரே இருந்த இன்னொரு வழியை அடைத்தது. எங்கள் தொழிலில் இது தினசரி நடப்பதுதான். கஸ்டமரிடம் இருக்கும் பழைய மெஷினை மாற்ற முடியாது என்று தெரிந்ததும், ரொம்ப நாளாக யாரும் கண்டுக்காத ஒரு டிசைன் திடீரென்று மேலே வரும்.

புது விதி உடனே உயிர்களைக் காப்பாற்றிவிடவும் இல்லை. எறிந்த பந்து யார் கையிலும் படாமல் விழுந்தால் எதிரணிக்குப் போய்விடும் என்பதால் பலர் எறியவே பயந்தார்கள். 1909-இல் சாவுகள் மறுபடி கூடின. 1910-லும் 1912-லும் விதிகளை மேலும் திருத்திய பிறகுதான் இன்றைய ஆட்டத்தின் உருவம் வந்தது.

ஸ்டேடியமோ அதே இடத்தில் இருக்கிறது. மேலே இருக்கும் தூண் வரிசை 1910-இல் சேர்த்தது. 1929-இல் திறந்த பக்கத்தில் இரும்பு இருக்கைகள் போட்டு 57,000 பேர் வரை உட்கார வைத்தார்கள். 1951-இல் அதைக் கழற்றிவிட்டதால் மறுபடி லாட வடிவம். 1968-இல் யேலுக்கு எதிராகக் கடைசி 42 விநாடியில் 16 புள்ளி எடுத்து 29-29 என்று ஹார்வர்டு சமன் செய்ததும் இங்கேதான்.

ஆடுகளத்தின் அகலம் இன்றும் அதே 160 அடி. அடுத்த தடவை டிவியில் ஒருவன் நீளமாகப் பந்தை எறிவதைப் பார்த்தால், அந்த 40 அடி ஞாபகம் வரட்டும்.