எரவாணத்து டம்ளர்

ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கொங்குக் கிராமத்து டீக்கடையில் யார் எங்கே உட்காரலாம் என்று பலகை எதுவும் தொங்கவில்லை. பிறந்த குழந்தைக்கும் அது தெரிந்திருந்தது. பெஞ்சு ஊர்க்காரர்களுக்கு. தங்கள் குடியிருப்பான வளவிலிருந்து வரும் அருந்ததியர் வெளியே தரையில் குத்தவைத்துத்தான் குடிக்க வேண்டும். அவர்களுக்கான அலுமினிய டம்ளரோ கொட்டாங்குச்சியோ கூரை எரவாணத்தில் செருகியிருக்கும். வந்தவரே அதை எடுத்து நீட்ட, கடைக்காரர் கை படாமல் உயரத்திலிருந்து டீயை ஊற்றுவார். குடித்தவரே கழுவி, எடுத்த இடத்திலேயே செருகிவிட்டுப் போக வேண்டும். 'வாங்க, போங்க' மரியாதைக்குப் பேர்போன இதே மண்ணில் பத்து வயதுப் பையன் அறுபது வயதுக்காரரை 'வாடா' என்பான். அவர் அவனைச் 'சாமி' என்பார்.

இத்தனையும் சட்டம் இருக்கும்போதே நடந்தது. அரசியல் சாசனத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்திருந்தது. உணவகப் பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது குற்றம் என்று 1955ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாகவே சொன்னது. 1976இல் வந்த திருத்தம், சமரசம் பேசி வழக்கை முடிக்கும் வழியையும் அடைத்தது. டம்ளர் மட்டும் எரவாணத்தை விட்டு இறங்கவில்லை. புகார் கொடுக்க வேண்டியவர் மறுநாள் விடிகாலை அதே ஆட்களின் தோட்டத்துக்குத்தான் வேலைக்குப் போக வேண்டும். கூலி, கடன், பிள்ளை கல்யாணத்துக்கு முன்பணம் எல்லாம் தோட்டத்துக்காரர் கையில். அப்படிப்பட்டவரிடம் போய், சட்டம் உன் பக்கம் இருக்கிறது என்று சொல்லி என்ன பயன்?

திருப்பூர் பனியன் கம்பெனிகளும் கோவை மில்களும் பவுண்டரிகளும் அந்தப் பிடியைத் தளர்த்தின. கம்பெனி வேன் வளவு வாசலுக்கே வந்தது; சனிக்கிழமையானால் சம்பளம் கையில். 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. பெரியார் இயக்கத்தினரும் இடதுசாரிகளும் இரட்டைக் குவளைக் கடைகளைப் பட்டியலிட்டுப் போராடினார்கள். 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு கிடைத்தது. சோற்றுக்கு வேறு வழி பிறந்த பிறகுதான் சட்டத்துக்கு உயிர் வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்று அவிநாசி ரோட்டிலோ சத்தி ரோட்டிலோ ஏதாவது ஒரு பேக்கரியில் நின்று பாருங்கள். பாய்லர் பக்கம் கழுவிக் கவிழ்த்த கண்ணாடி டம்ளர்கள். பனியன் கம்பெனிப் பெண், லாரி டிரைவர், தோட்டத்துக்காரர், ஒடிசா பையன் எல்லாருக்கும் அதே வரிசையிலிருந்துதான் எடுக்கிறார் மாஸ்டர். யார் எந்தச் சாதி என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. முப்பது வருஷத்தில் நடந்த இந்த மாற்றம் சின்னதல்ல.

மெயின் ரோட்டை விட்டு உள்ளே போனால் கதை அவ்வளவு நேராக இல்லை. வழக்குக்குப் பயந்து தனி டம்ளரை எடுத்துவிட்ட கடைகளில் சில, வளவு ஆட்களுக்கு மட்டும் டிஸ்போசபிள் கப்பை நீட்டின. கேட்டால் சுத்தம், வசதி என்றார்கள். எல்லாருக்கும் கப் கொடுத்தால் வசதிதான். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் அது எரவாணத்து டம்ளரேதான், குடித்ததும் தூக்கிப் போட முடிகிறது என்பதைத் தவிர வேறுபாடு இல்லை.

டீக்கடைக்கு வெளியிலும் இதே கதைதான். 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரார் சிலர் தடுத்தார்கள். அதிகாரிகள் தடுத்தவர்களை விட்டுவிட்டுச் சமைக்க வந்தவரை இடம் மாற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகே உத்தரவு ரத்தாகி, வழக்கும் பதிவானது. அந்த அம்மா பின்வாங்கியிருந்தால் அரசே ஊர்க்கட்டுப்பாட்டுக்கு முத்திரை குத்தியதாக ஆகியிருக்கும்.

உங்கள் ஊர்க் கடையில் ஒருவருக்குக் கண்ணாடி டம்ளரும் இன்னொருவருக்குக் கப்பும் போவதைக் கண்டால், பெஞ்சில் இருப்பவராகிய நீங்கள் கேளுங்கள். கேட்கும் சுமையைக் கப்பு வாங்கியவர் தலையிலேயே ஏற்றாதீர்கள். வன்கொடுமைப் புகாருக்கான தேசிய உதவி எண் 14566, எந்நேரமும் அழைக்கலாம்.