100க்கு 75: ஊறலுக்குள் ஒரு விழுக்காட்டுக் கணக்கு

‘ஊறல்’ என்ற சொல்லைக் கேட்டதும், தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் வரும் கள்ளச்சாராயச் செய்திதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். இக்கட்டுரையில் வரும் ஊறல் சட்டத்துக்கு உட்பட்டது. 2004ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூரில் வீட்டிலேயே பீர் தயாரிக்க அனுமதி உண்டு. தயாரிப்பவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஒரு குடும்பம் மாதத்திற்கு 30 லிட்டருக்கு மேல் தயாரிக்கக் கூடாது, விற்கக் கூடாது, சாராயமாகக் காய்ச்சி வடிக்கவும் கூடாது. குடிப்பது சரியா, தவறா என்ற பட்டிமன்றத்தை வேறோர் இடத்தில் வைத்துக்கொள்வோம். இங்கே நாம் பார்க்கப்போவது ஊறலின் கணக்கை மட்டுமே.

மைலோவில் சேர்க்கப்படும் ‘மால்ட்’ என்பது வேறொன்றுமில்லை. முளைகட்டி உலர்த்திய பார்லிதான். அதை உடைத்து, 65 முதல் 67 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஊறவைத்தால், தானியத்தில் உள்ள அமைலேஸ் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. சோற்றை நெடுநேரம் மென்றால் வாயில் இனிப்பதும் இதே வகை நொதியால்தான். பிறகு சாற்றை வடித்து, சக்கையில் ஒட்டியிருக்கும் இனிப்பையும் வெந்நீரால் அலசி எடுப்பார்கள். தானியம் தரக்கூடிய இனிப்பில் எத்தனை விழுக்காடு நம் கைக்கு வந்தது? அதுவே ஊறலின் பயனுறுதிறன்.

இதைக் கணக்கிடத் தொடக்கப்பள்ளி ஆறாம் ஆண்டுக் கணிதம் போதும். பாலில் நீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் பால்மானியைப் போன்றதே திரவமானி. சாற்றின் ஒப்படர்த்தி 1.045 என்று அது காட்டினால், 45 புள்ளி என்று எடுத்துக்கொள்வோம். புள்ளியை லிட்டரால் பெருக்கினால் கிடைத்த இனிப்பின் அளவு தெரியும். வெளிர்நிற மால்ட் ஒரு கிலோ, முழு இனிப்பையும் தந்தால், ஏறத்தாழ 300 தரும். டோபி காட் ரயில் நிலையத்துக்கு அருகே, செலிகி சாலை அடுக்குமாடி வீடொன்றில் ஒருவர் 4 கிலோ மால்ட்டை ஊறவைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உச்ச அளவு 4 × 300 = 1200. கொதிக்கவைத்து ஆறவைத்தபின் 20 லிட்டர் சாறு, 45 புள்ளி. அதாவது 20 × 45 = 900. 900ஐ 1200ஆல் வகுத்தால் 75 விழுக்காடு. கொதிக்கும்போது நீர் ஆவியாகுமே தவிர சர்க்கரை ஆவியாகாது. ஆகவே கொதித்தபின் அளந்தாலும் கணக்கு மாறாது. ஆனால் சூடாக இருக்கும்போது கன அளவைக் குறிக்காதீர்கள். கொதிநிலையில் 20 லிட்டராக இருப்பது, ஆறியதும் சுமார் 19.2 லிட்டராகச் சுருங்கிவிடும்.

இனிதான் சிங்கப்பூருக்கே உரிய சிக்கல். பல திரவமானிகள் 20 பாகை செல்சியஸுக்கு என்று செய்யப்பட்டவை. நம் குழாய்நீரைக் கொண்டு ஆறவைத்தால் சாறு 30 பாகைக்குக் கீழே எளிதில் இறங்காது. சூடான திரவம் அடர்த்தி குறைந்தது. அதில் கருவி சற்று ஆழமாக அமிழ்ந்து, சுமார் 3 புள்ளி குறைத்துக் காட்டும். 45 இருக்க வேண்டிய இடத்தில் 42 தெரியும். 20 × 42 = 840; பயனுறுதிறன் 70 விழுக்காடு! இல்லாத குறைக்கு மருந்து தேடி, அடுத்த முறை மால்ட்டை அள்ளிப் போடுவார் நம் நண்பர். பீர் அவர் நினைத்ததைவிடக் கடுமையாகிவிடும்.

விழுக்காடு உண்மையிலேயே குறைவாக இருந்தால்? பள்ளியில் செய்த அயோடின் சோதனையை நினைவுகூருங்கள். ஊறலின் ஒரு துளியில் அயோடின் விட்டதும் கருநீலமானால், மாவுச்சத்து இன்னும் மாறவில்லை. மால்ட் சரியாக உடைபடவில்லை, அல்லது வெப்பமோ நேரமோ தவறிவிட்டது. நிறம் மாறவில்லையென்றால், இனிப்பு சக்கையில்தான் தங்கியிருக்கும், அலசுவதில் குறை. டோபி காட்டுக்குப் பெயர் தந்த சலவைத் தொழிலாளர்களுக்கு இதன் தீர்வு புதிதல்ல: ஒரே முறையில் எல்லா நீரையும் ஊற்றுவதைவிட, அதே நீரை இரண்டாகப் பிரித்து அலசுவதே மேல்.

இந்தச் சின்னக் கணக்கு ஒரு தொழிலையே மாற்றியிருக்கிறது. இங்கிலாந்தின் ஹல் நகரைச் சேர்ந்த ஜான் ரிச்சர்ட்சன், 1784இல் இவ்வளவீடு பற்றி நூல் எழுதினார். இத்தகைய கருவிகள் பரவியபின், மலிவு என்று வாங்கிய பழுப்பு மால்ட் குறைந்த இனிப்பையே தருகிறது என்பதை உணர்ந்த பீர் ஆலைகள், வெளிர்நிற மால்ட்டுக்கு மாறின.

மிச்சமாகும் மால்ட்டுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பீரின் மதுச்செறிவு, நொதிப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த இரு அளவுகளின் வித்தியாசத்தைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. இங்கே முதல் அளவை 30 பாகையில் எடுப்போம். நொதிப்பதோ குளிர்பெட்டியில், 20 பாகையில். முடிவில் 1.010 என்றால், திருத்தாத கணக்கு 4.2 விழுக்காடு சொல்லும், உண்மை 4.6. விற்காவிட்டாலும் விருந்தினருக்கு ஊற்றிக் கொடுக்கிறோம். புட்டியில் நாம் எழுதும் எண்ணை நம்பித்தான் அவர் ‘இன்னொரு குவளை வேண்டுமா’ என்று முடிவு செய்கிறார். அந்த எண் மெய்யாக இருக்க வேண்டாமா?