மனைக்கல் நடும் முன் வாய்க்காலைக் கவனியுங்கள்

நகரை ஒட்டிய வயல்கள் வீட்டுமனைகளாகும்போது பாசன வாய்க்கால்கள் தூர்ந்துவிடுவதுண்டு. கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. மழை நீரும் வடியாது.

1971ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி மனைப்பிரிவுக்கு முன் அனுமதி தேவை. சென்னைப் பெருநகரில் வளர்ச்சிக் குழுமமும், பிற இடங்களில் நகர் ஊரமைப்புத் துறையும் வரைபடத்தைப் பரிசீலிக்கின்றன. மனை போடுபவர் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தர வேண்டும். வாய்க்கால் புறம்போக்கை மனையில் சேர்க்க அவருக்கு உரிமையில்லை.

பக்கத்து நிலக்காரர்கள் செய்ய வேண்டியது: புலப்பட நகலும் 'அ' பதிவேட்டு நகலும் பெறுங்கள். வாய்க்காலின் புல எண்ணைக் குறித்து, அனுமதிக்கு முன்பே நகர் ஊரமைப்பு அலுவலகம், உள்ளாட்சி, தாசில்தார் ஆகியோருக்கு மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். பட்டா நிலத்தில் ஓடும் வாய்க்காலானால், பத்திரத்திலுள்ள வாய்க்கால் பாத்தியத்தையும் காட்டுங்கள். கட்டடம் எழுந்தபின் வாய்க்காலை மீட்பது கடினம்.